என் பிழைக்கு வைத்த உன் பெயர்

என் நூருவுக்கு,

கடத்தூரில் இரண்டு நாளாக மழை. பேருந்து நிலையத்துக்கு எதிரே நீ திட்டிக்கொண்டே தாண்டிப் போவாயே, அந்தப் பள்ளத்தை இன்னும் மூடவில்லை. உன் அப்பா மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடையை மறுபடியும் திறந்துவிட்டார். நீ அம்மி என்று கூப்பிடும் உன் அம்மா தையல் மிஷினில் உட்கார ஆரம்பித்திருக்கிறார். நல்ல செய்தி என்று சொல்ல என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. மற்றதெல்லாம் நீ உயிரோடு இருந்தபோதே நான் சொல்லியிருக்க வேண்டியது.

இதை உனக்கு மட்டும் எழுதி மடித்து வைத்திருக்கலாம். அப்படிச் செய்தால் இன்னொரு முறை ஒளிந்துகொண்டதாகத்தான் ஆகும். அதனால் பட்டுப்புழு வளர்ப்பவர்கள், நம் பெட்டியை வாங்கியவர்கள், உன் பெயரைத் தப்பாகக் கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் தருமபுரி பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, இதுக்கு எங்க எறங்கணும்?" என்று ஒரு காகிதத்தை நீட்டினாய். அதில் இருந்தது எங்கள் கம்பெனியின் முகவரி. மாடியில் மூன்று அறை, ஏழு பேர். பட்டுப்புழு வளர்ப்பு மனைகளில் வெப்பத்தையும் ஈரத்தையும் பார்த்துக்கொள்ளும் ஒரு மின்னணுப் பெட்டியைச் செய்துகொண்டிருந்தோம். காற்று காய்ந்தால் பனிபோலத் தண்ணீர் தெளிக்கும், சூடு ஏறினால் விசிறியைப் போடும். விவசாயிகள் அதைப் "பொட்டி" என்றார்கள். அதற்குள் ஓடும் நிரலை, அதாவது புரோகிராமை, எழுதுவது என் வேலை. நீ வந்த பிறகு நம் வேலை.

நீ என்னைவிடக் கெட்டிக்காரி என்று எனக்கு இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. புழுவின் ஒவ்வொரு பருவத்துக்கும் நான் தனித்தனியாகப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்ததை நீ ஒரே டெம்ப்ளேட்டாக மாற்றினாய். பொது விதியை ஒரு தடவை எழுதினால் போதும். எந்தப் பருவம் வந்தாலும் அதற்கான நகலை, நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் தானே உண்டாக்கிக்கொள்ளும். கம்பெனியை நடத்தும் எம்.டி. உன்னை எல்லோர் முன்னாலும் பாராட்டினார். நானும் கை தட்டினேன். அன்று சாயங்காலம் பேருந்தில் தலைவலி என்று சொல்லி உன்னோடு பேசாமல் வந்தேனே, அது தலைவலி இல்லை.

நீ மனைகளுக்கு நேரில் போனவள். நான் மூன்று வருடத்தில் மூன்று தடவை போயிருப்பேன். கடத்தூருக்குத் தெற்கே மாதையன் மனையில் நீ நாள் முழுக்க உட்கார்ந்து புழு தூங்குவதைப் பார்த்திருக்கிறாய். புழு தன் ஆயுளில் நாலு தடவை தின்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கி அசையாமல் கிடக்கும். அதற்குள் தோலை உரித்துவிட்டு எழும். அதைத்தான் தூக்கம் என்கிறார்கள். மாதையனின் மனைவி பழனியம்மா உன்னிடம் சொன்னதை நீ அப்படியே அவர் குரலில் எனக்குச் சொல்லிக் காட்டினாய்.

"புழு தூங்கறப்போ உங்க பொட்டி தண்ணி அடிக்குது பாரு கண்ணு. அது ஆவாது. தூங்கற புழுவுக்குப் படுக்க காஞ்சு கெடக்கணும். ஈரம் நின்னா நோவு வந்துடும்."

"எத்தினி மணி நேரம்ங்க காயணும்?"

"எல்லாப் புழுவும் முழிக்கற வரைக்கும்தான். நீ என்னா, பஸ்ஸுக்கு நேரம் கேக்கற மாதிரி கேக்கற?"

சொல்லிவிட்டு நீ சிரித்தாய். மறுநாளே பெட்டியில் தூக்கத்துக்கென்று ஒரு பொத்தான் வைக்கச் சொன்னாய். விவசாயி அதை அழுத்தினால் தெளிப்பு நிற்கும், விசிறி மெதுவாக ஓடும். இந்த ஒரு பருவத்துக்குப் பொது விதி ஒத்துவராது. அதனால் அதற்கு மட்டும் தனி விதி எழுதினாய். எங்கள் தொழிலில் அதற்கு ஸ்பெஷலைசேஷன் என்று பெயர். 'இதற்கு நீ நகல் எடுக்காதே, இதோ நான் தனியாக எழுதி வைத்திருக்கிறேன்' என்று கம்பைலரிடம் சொல்வது.

அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தனி விதி ஒன்று உண்டு என்ற அறிவிப்பை, அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு கோப்பும் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். ஒரே ஒரு கோப்பு பார்க்காமல் போனாலும் அந்தக் கோப்புக்குள் கம்பைலர் தன்பாட்டுக்குப் பொது விதியை நகலெடுத்துக்கொள்ளும். அது பிழை என்று நாங்கள் எழுதும் சி பிளஸ் பிளஸ் மொழியின் விதிகளே சொல்கின்றன. ஆனால் கம்பைலர் அந்தப் பிழையை எடுத்துச் சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை என்றும் அதே விதிகள்தான் சொல்கின்றன. இதை எனக்குப் படித்துக் காட்டியதே நீதான்.

"என்னாக்கா நியாயம் இது? தப்புதான்னு ஒத்துக்கறாங்க, சொல்ல மட்டும் மாட்டாங்களாமா?"

அதற்காகத்தான் அந்த அறிவிப்பைப் பொது விதி இருக்கும் கோப்பிலேயே சேர்த்துவிடலாம் என்று கேட்டாய். இரண்டும் ஓரிடத்தில் இருந்தால் ஒன்றை எடுத்து இன்னொன்றை விட முடியாது. சரியான யோசனை. அந்தக் கோப்பு அப்போது என் பொறுப்பில் இருந்தது. "தனியா ஒரு கோப்புல வச்சிக்க நூரு, என்னோடத கலைக்காத" என்று சொன்னவள் நான். எனக்கு அதில் தொழில் காரணம் எதுவும் இல்லை. என் கோப்பில் இன்னொரு முறை உன் கை படுவது பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

சின்ன மனைகளுக்கென்று விலை குறைந்த சின்னப் பெட்டி செய்தோம். அதற்குள் இடம் குறைவு. நிரலைச் சுருக்கும்படி எம்.டி. அவசரப்படுத்தினார். நீ ஓசூரில் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்த வாரம் அது. எந்தெந்தக் கோப்பில் எந்தெந்த வரி தேவையில்லை என்று பார்த்து நான் நீக்கிக்கொண்டே வந்தேன். உன் தனி விதியின் அறிவிப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஒரு வரி சின்னப் பெட்டியின் கோப்பில் இருந்தது. அதற்குக் கீழே அந்தப் பெயர் எங்கேயும் வரவில்லை. வராதுதான். பொது விதியின் பெயரில்தானே அதைக் கூப்பிடுவோம். யோசிக்காமல் எடுத்தேன். கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை.

சோதனை மேசையில் சரியாகவே ஓடியது. சோதனைக்காகக் கோப்புகளை ஒரே நிரலாகக் கட்டும்போது எதையும் சுருக்காமல் கட்டுவோம். அப்போது கடைசியில் எல்லாக் கோப்புகளையும் சேர்க்கும் நேரத்தில், எப்படியோ உன் விதியே ஜெயித்தது. பொத்தானை அழுத்தினால் தெளிப்பு நின்றது. வெளியே அனுப்பும்போது சுருக்கிக் கட்டினோம். அப்போது பொது விதி அந்தக் கோப்புக்குள்ளேயே ஒட்டிக்கொண்டுவிட்டது, உன் விதியைத் தேடவே இல்லை. பொத்தானை அழுத்தினால் 'தூக்கம்' என்று விளக்கு மட்டும் எரிந்தது. உள்ளே பொது விதி ஓடியது. காற்று காய்ந்தபோதெல்லாம் தண்ணீர் தெளித்தது.

பதினோரு சின்னப் பெட்டிகள் போயின; மாதையன் மனையிலிருந்த பழைய பெட்டிக்குப் பதிலாகவும் ஒன்று. பெட்டி பூட்டிய பிறகு முதலில் தூக்கத்துக்கு வந்தது மாதையன் மனை. அது நாலாவது தூக்கம்.

அன்று மாதையனும் பழனியம்மாவும் பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு கருமாதிக்குப் போயிருந்தார்கள். பொத்தானை அழுத்திவிட்டு நம்பிக்கையாகப் போனார்கள். மறுநாள் காலையில் திரும்பி வந்து பார்த்தால் படுக்கை சொதசொதவென்று கிடந்தது. விழித்த புழுக்கள் ஐந்தாறு நாள் தின்றன. பிறகு ஒவ்வொன்றாக ஊதி, மஞ்சளாகி, தொட்டால் நீர் விட்டு உடைய ஆரம்பித்தன. கூடு கட்ட இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

எம்.டி. நம் இருவரையும் அனுப்பினார். நாம் போனபோது மாதையன் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து குழியில் கொட்டிக்கொண்டிருந்தார். பழனியம்மா மேலே சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருந்தார். நீ குழிக்குப் பக்கத்தில் போய் நின்றாய். நான் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

"பொட்டி பாத்துக்கும்னு நீதானம்மா சொன்ன?" என்றார் மாதையன். "உன்ன நம்பித்தான எழவு வூட்டுக்குப் போனோம்? இப்போ இங்க எழவு."

"சொன்னன்ங்க. ஏன் இப்பிடி ஆச்சுன்னு பாத்துச் சொல்றன்ங்க."

"என்னாத்த பாப்ப? இன்னும் பாக்கறதுக்கு என்னா கெடக்குது? கம்பெனிக்காரங்களுக்குப் புழுன்னா என்னான்னு தெரியுமா? படிச்சிட்டா போதுமா?"

புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருந்த பழனியம்மாவிடம் போய், அவர் கையிலிருந்த சுண்ணாம்புக் கூடையை வாங்கி நீயே போட ஆரம்பித்தாய். உன் முக்காடெல்லாம் வெள்ளையானது. திரும்பி வரும்போது வண்டியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "பொத்தான் அழுத்தினாங்கதானக்கா? வெளக்கு எரிஞ்சுதாம். அப்புறம் ஏன் தண்ணி அடிச்சுது?" எனக்கு அப்போது பதில் தெரியாது. இந்த ஒன்றை மட்டும் நீ நம்பலாம்.

அடுத்த நாள் கூட்டத்தில் எம்.டி. கையில் உன் கோப்பின் அச்சுப்படி இருந்தது. அவருக்கு அது புரியாது. புரியாததே அவருக்கு வசதியாக இருந்தது.

"நாலு இஃப் போட்டு எழுத வேண்டியத டெம்ப்ளேட்டு, ஸ்பெஷலுன்னு எழுதி வச்சிருக்கறீங்க. யாருக்குமா இது புரியும்?"

"சார், பெரிய பொட்டியில இதே புரோகிராம்தான் சார் ஓடுது. அங்க சரியா இருக்குது. சின்னதுல மட்டும் எங்கயோ இது போய்ச் சேரல. நான் பாக்கறன் சார், ரெண்டு நாள் குடுங்க."

அவர் உனக்குப் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினார். "சுதா, நீங்க சொல்லுங்க. உங்க பழைய புரோகிராம் ஓடினப்போ இந்தப் பிரச்சின வந்துச்சா?"

"வரலைங்க சார்" என்றேன்.

பொய் இல்லை. என் பழைய நிரலில் தூக்கத்துக்குத் தெளிப்பை நிறுத்துகிற வழியே கிடையாது என்பதை மட்டும் சொல்லவில்லை. நீ என்னைப் பார்த்தாய். நான் மேசையைப் பார்த்தேன்.

அன்றைக்கே உன்னிடம் கணினியை வாங்கிக்கொண்டார்கள். 'என் கவனக்குறைவால் நேர்ந்த தவறுக்கு வருந்துகிறேன்' என்று ஒரு மன்னிப்புக் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டாய். விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில், தவறு செய்த பொறியாளர் நூர்ஜஹான் நீக்கப்பட்டார் என்று செய்தி போட்டார்கள். கீழே கும்பிடு போட்ட கைகள் வரிசையாக வந்தன. "அந்த பாய் வூட்டுப் பொண்ணா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரியுமோ என்னவோ. யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் நீ போன் செய்தாய்.

"சுதாக்கா, ஒரே ஒரு உதவி. சின்னப் பொட்டிக்கு அனுப்பின பில்டு இருக்குது பாருங்க, அத ஒருக்கா பிரிச்சுப் பாக்கறீங்களா? எந்தக் கோப்போ என் அறிவிப்பப் பாக்கல. அதான் எனக்குத் தோணுது."

"பாக்கறன் நூரு."

பார்த்தேன். மாதையன் மனைக்குப் போய் வந்த மூன்றாம் நாள், மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கீழே போயிருந்த நேரத்தில் பார்த்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நீ சொன்ன இடத்திலேயே இருந்தது. ஒரு வரி நீக்கப்பட்டிருந்தது. யார் நீக்கியது, எப்போது நீக்கியது என்பதெல்லாம் பதிவாகியிருக்குமே. பக்கத்தில் என் பெயர்.

அப்புறம் என்ன செய்தேன் என்பதை நீ எங்கேயிருந்தாலும் கேட்டுக்கொள். அந்த வரியைத் திரும்பச் சேர்த்தேன். 'சிறு திருத்தம்' என்று குறிப்பு எழுதினேன். புதிதாகக் கட்டிப் பதினோரு பெட்டிகளுக்கும் அனுப்பினேன். பெட்டிகள் சரியாகிவிட்டன. "அந்தப் பொண்ணு போனதும் சரியாப் போச்சு பாத்தீங்களா?" என்றார் எம்.டி. அடுத்த வாரம் என்னைத் தலைமைப் பொறியாளராக்கினார். நான் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

நீ மறுபடி கேட்டாய். இந்தத் தடவை போனில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் வந்து நின்றாய்.

"பாத்தீங்களாக்கா?"

"பாத்தன் நூரு. ஒண்ணும் தெரியல. எல்லாக் கோப்புலயும் சரியாத்தான் இருக்குது."

அப்போது அது உண்மைதான், நான் சேர்த்துவிட்டேனே! அப்படியெல்லாம் வார்த்தையைத் தேடிப் பிடித்துப் பேசினேன். நீ செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

"நீங்க பாத்தும் இல்லன்னா, அப்போ என் தப்பாத்தான் இருக்கும்க்கா. எனக்குத்தான் புரியல போலருக்குது."

உன் வேலை போனதைவிட, ஊரார் பேசியதைவிட, இதுதான் நான் உனக்குச் செய்த பெரிய கெடுதல். உனக்குத் தெரிந்த ஒன்றை உனக்குத் தெரியாது என்று நம்ப வைத்தேன். தண்ணீர் குடிக்கிறாயா என்றுகூட நான் கேட்கவில்லை. நீ போய்விட்டாய்.

தருமபுரியில் இரண்டு இடத்தில் வேலை கேட்டாய். பழைய கம்பெனிக்குப் போன் போட்டு விசாரித்தார்கள். விசாரித்தவர்களுக்கு எம்.டி. என்ன சொல்லியிருப்பார் என்று உனக்கே தெரியும். கடைசியில் சேலத்தில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் பாடம் எடுக்கும் வேலை கிடைத்தது. காலையில் ஸ்கூட்டியில் பொம்மிடி வரை, அங்கிருந்து ரயில். கடத்தூர் பேருந்து நிலையத்தில் ஒரு நாள் பார்த்தபோது சொன்னாய்.

"இனிமே நான் சி பிளஸ் பிளஸ் எழுத மாட்டன்க்கா. எக்செல் சொல்லித் தரன். அதுல எதுவும் சாவாது."

சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சிரித்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தருமபுரி வண்டி வந்துவிட்டது, ஏறிக்கொண்டேன். ஜன்னல் வழியாகக் கை காட்டினாய். அதுதான் கடைசி.

மழை பெய்த காலை. பொம்மிடி சாலையில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வந்த லாரி. அதற்கு மேல் நான் எழுதவில்லை. உன் அப்பா இதைப் படிப்பார்.

அன்று மதியமே அடக்கம். ஆண்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். உன் அம்மி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களிடமெல்லாம், "இது அவளோட ஆபீஸ் அக்கா, இவங்கன்னா அவளுக்கு உசுரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கையை இழுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. உனக்குத் தருமபுரியிலேயே வேலை இருந்திருந்தால் அந்தச் சாலையில் அந்த நேரத்தில் நீ ஏன் போகப்போகிறாய்? இதை அங்கே உட்கார்ந்துகொண்டு எத்தனை முறை கணக்குப் போட்டேன் தெரியுமா? விடை மாறவில்லை.

அப்புறமும் ஏழு மாதம் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். மனசாட்சி தானாக விழித்துக்கொண்டது என்று நினைத்துவிடாதே.

புதிதாக இரண்டு பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். எம்.டி. அவர்களுக்கு, நாங்கள் பக் என்று சொல்லும் நிரல் பிழைகளைப் பற்றிப் பாடம் நடத்தினார். "நம்ம கம்பெனில இதுக்கு ஒரு பேரே இருக்குது. நூர்ஜஹான் பக். தேவையில்லாத புத்திசாலித்தனம் பண்ணினா வர்றது. பாவம், அந்தப் பொண்ணு இப்போ இல்ல. ஆனா அந்தப் பாடம் இருக்குது." அந்தப் பெண்களில் ஒருத்தி குனிந்து நோட்டில் எழுதினாள். நூர்ஜஹான் பக். அடியில் ஒரு கோடும் போட்டாள். மணிமணியான கையெழுத்து.

"அது நூர்ஜஹான் தப்பில்லைங்க சார். நான் எடுத்த வரி அது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். அந்தப் பெண்கள் இருவரும் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எம்.டி. அவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

பதிவைத் திறந்து காட்டினேன். நீக்கிய நாள், திரும்பச் சேர்த்த நாள், இரண்டிலும் என் பெயர். அவர் திரையைப் படித்துப் பார்த்தார். கோபப்படுவார், வேலையை விட்டுத் துரத்துவார் என்று நினைத்தேன். அப்படி நடந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"விடுங்க சுதா" என்றார். "செத்தவங்களுக்கு இனிமே என்னா ஆவப்போவுது? நீங்க இருக்கறீங்க, கம்பெனி இருக்குது. அது அப்பிடியே இருக்கட்டும்."

"அவங்க அப்பா அம்மா இருக்காங்க சார்."

"அவங்களுக்கு டெம்ப்ளேட்டுன்னா என்னான்னு தெரியுமா?"

உன் அப்பாவுக்குத் தெரியாதுதான். அன்று சாயங்காலமே வீட்டோடு ஒட்டிய கடைக்குப் போய் அவரிடமும் அம்மியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது உனக்குச் சொன்ன அதே வரிசையில். அவர் காயில் சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தவே இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டார்.

"எத்தினி வரிம்மா அது?"

"ஒரு வரிங்க."

"ஒரே வரியா?"

"ஆமாங்க."

அவர் வேகமாகச் சுற்ற ஆரம்பித்தார். கம்பி அறுந்தது. முடிச்சுப் போடாமல் எழுந்து கடைக்குப் பின்னால் போய்விட்டார். மறுநாளிலிருந்து கடை பூட்டியே கிடந்தது.

உன் அம்மி அழவில்லை. திட்டவும் இல்லை. என்னை உட்காரச் சொல்லவும் இல்லை. "எம் பொண்ணு ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்தாளே, தப்பு பண்ணிட்டன்னு. அது எங்க?" என்றார்.

"ஆபீஸ் ஃபைல்ல இருக்குதுங்க."

"அது அங்க இருக்கக் கூடாது. நீ போய் எடுத்துட்டு வா. அது வர்ற வரைக்கும் நீ இந்த வாசப்படி ஏறாத."

கேட்டேன். மூன்று முறை கேட்டேன். முதலில் சட்டப்படி தர முடியாது என்றார்கள். அப்புறம் தேடுகிறோம் என்றார்கள். கடைசியில் அப்படி ஒரு கடிதமே இல்லை என்றார்கள். அன்றைக்கு வேலையை விட்டேன். அதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் நீ நம்பாதே. ஒரு வருடம் தாமதமாக விட்டேன், அவ்வளவுதான். அந்தக் காகிதத்தை என்னால் கொண்டுவர முடியவில்லை, நூரு. உன் வீட்டு வாசலை நான் இன்னும் தாண்டவில்லை. எதிர்க் கடையில் நின்று பார்த்துவிட்டு வருகிறேன். அப்பா கடையைத் திறந்ததும் அம்மி மிஷினில் உட்கார்ந்ததும் அப்படித்தான் தெரியும்.

இப்போது பதினோரு மனைகளுக்கும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறேன். போய், தப்பு யாருடையது என்று சொல்லிவிட்டு வருகிறேன். ஆறு முடிந்தது. ஒருவர், "எந்தப் பொண்ணு?" என்று கேட்டார். மறந்தே போய்விட்டார். ஒருவர் மோர் கொடுத்து, "இதச் சொல்றதுக்கா இவ்ளோ தூரம் வந்த?" என்றார். இன்னொருவர், "அதெல்லாம் முடிஞ்சுபோன கத, புதுப் பொட்டி எப்போம்மா வரும்?" என்றார். உன் பெயரைக் கெடுக்க ஒரு வாட்ஸ்அப் செய்தி போதுமாக இருந்தது. அதைத் திருத்த வீடு வீடாக நின்றாலும் காது கொடுக்க ஆளில்லை.

மாதையன் மனைக்குப் போகப் பயந்து ஆறாவதாகத்தான் போனேன். அவர் வயலில் இருந்தார். பழனியம்மா மட்டும் மனை வாசலில் மல்பெரித் தண்டுகளைக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். அவர் வேலையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"அன்னிக்கு அந்தப் பொண்ணு சுண்ணாம்பு போடறப்போ நீ வண்டிகிட்ட நின்னுகிட்டு இருந்தியே. அப்பவே தெரியுமா உனக்கு?"

"அப்போ தெரியாதுங்க."

"எப்போ தெரிஞ்சுது?"

"மூணாம் நாளுங்க."

"அப்புறம் அவ எத்தினி நாளு உசுரோட இருந்தா?"

"நாலு மாசம்ங்க."

"நாலு மாசம்" என்றார் பழனியம்மா. பிரித்த தண்டுகளை மறுபடி கட்டிக்கொண்டே, "எங்க வூட்டுக்காரரு பேசின பேச்சுக்கு ஒருக்கா அவளப் பாத்து மன்னிப்புக் கேக்கணும்னு சொல்லிகிட்டே இருந்தாரு. நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு கெடந்தோம்" என்றார். தண்டுக் கட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே புழுக்கள் இலை தின்னும் சத்தம் மழை பெய்வது போலக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் வெயிலில் நின்றேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நூரு. கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும். அது இவ்வளவு மலிவாக எனக்குக் கிடைக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். மீதி ஐந்து மனைகளுக்கும் போவேன். அடுத்தது வத்தல்மலை அடிவாரத்தில், திங்கட்கிழமை. கேட்காதவர்களிடமும் சொல்வேன், மறந்தவர்களுக்கு உன்னை ஞாபகப்படுத்திவிட்டுச் சொல்வேன். நோட்டில் உன் பெயரை எழுதிக்கொண்ட அந்தப் பெண்ணின் வீடு பாலக்கோட்டில் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அவளிடமும் போவேன். நீ எழுதியது சரி என்பதை, ஏன் சரி என்பதை, அவளுக்குப் புரியும் வரை உட்கார்ந்து சொல்வேன். உனக்கு நான் சொல்லாமல் விட்டது அது.

இப்படிக்கு,
நீ அக்கா என்று கூப்பிட்டும் உனக்கு அக்காவாக இல்லாமல் போன
சுதா